கடைமடை வீட்டு வாசலில் வெளிர்நீலப் பூக்கள்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரின் பெயரையும் அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளையும் விலக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் அவர் வீட்டு வாசலில் நின்ற ஒட்டு மாமரமும் இரண்டு தென்னைகளும் சாய்ந்துவிட்டன. இருபதடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான அந்த முன்வாசல் அன்றிலிருந்து வெட்டவெளியாகக் கிடக்கிறது. அங்கே வெளிர்நீலப் பூக்களை மட்டும் வளர்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிறு வயதில் வாய்க்கால் ஓரத்துக் குட்டையில் பார்த்த நீல அல்லியின் நிறம் இன்றுவரை மனத்தை விட்டு அகலவில்லை என்று எழுதுகிறார்.

ஆசைக்காக அவர் இரண்டு முறை செலவு செய்து தோற்றிருக்கிறார். உதகைக்குச் சுற்றுலா போனபோது நீலப் பூங்கொத்துடன் வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூத்து, சித்திரை வெயிலில் கருகிப்போனது. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கிய 'வெளிர்நீல ரோஜா விதை' முளைத்தபோது ஏதோ ஒரு களைச்செடியாக இருந்தது. இப்போது, நிறம் சரியாக இருக்கிறது என்பதால் வாய்க்காலிலிருந்து ஆகாயத்தாமரையை எடுத்து வந்து தொட்டியில் விடலாமா என்று யோசிக்கிறார். படிகாரம் கரைத்து ஊற்றினால் வெள்ளைப் பூ நீலமாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் மாமியாரோ, நீலப்பூ சனி பகவானுக்கு உரியது, வாசலில் வைக்கக் கூடாது என்கிறார். ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருக்கிறது. வீடு கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஐந்தாகிவிடும். "இந்தக் கடைமடை மண்ணில் வெளிர்நீலம் வருமா, அல்லது ஆசையை விட்டுவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

ஆலோசனை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆசையை விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு தோல்விகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டிலும் உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. ஒன்று இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒவ்வாத செடி, மற்றொன்று உலகத்திலேயே இல்லாத செடி. வெளிர்நீலப் பூவை மலையிலும் படத்திலும் தேடிய நீங்கள், அந்த நிறம் உங்கள் பகுதியின் நீரிலும் வேலியிலும் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் சிறு வயதில் பார்த்த அந்தக் குட்டைதான் சரியான தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

ஹைட்ரேஞ்சியாவையும் படிகாரத்தையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரண்டும் ஒரே செய்தியின் இரு முனைகள். ஹைட்ரேஞ்சியாவின் நீலம், மண்ணிலுள்ள அலுமினியத்தை அந்தச் செடி உறிஞ்சுவதால் வருவது. மண் நல்ல புளிப்புத் தன்மையோடு, அதாவது கார அமில எண் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அலுமினியம் வேருக்குக் கிடைக்கும். நீலகிரி மண் அப்படிப்பட்டது. காவிரி வண்டல் பெரும்பாலும் நடுநிலையிலிருந்து காரத்தன்மை வரை உள்ளது. கடலை நெருங்க நெருங்க உவரும் சேர்கிறது. ஆகவே உங்கள் செடி இளஞ்சிவப்பாகப் பூத்தது இயல்பு, வெயிலில் கருகியதும் இயல்பு. படிகாரத்தில் அலுமினியம் இருப்பதால் குளிர்ந்த ஊர்களில் ஹைட்ரேஞ்சியாவுக்கு அது ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் இந்த வித்தை அந்தச் செடியோடு சரி. மல்லிகைக்கோ நந்தியாவட்டைக்கோ படிகாரம் ஊற்றினால் பூ நீலமாகாது, வேர்தான் பாதிக்கப்படும். பூக்கடைகளில் நீல ஆர்க்கிட் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளைப் பூவைச் சாயம் குடிக்கவைத்தவை. அது வெட்டிய பூவுக்குச் செய்யும் வேலை, வளர்கிற செடிக்கு அல்ல.

ரோஜாவின் கதை வேறு. பூக்களின் நீலத்துக்குப் பெரும்பாலும் காரணமான டெல்ஃபினிடின் என்னும் நிறமியை ரோஜாச் செடியால் உருவாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தின் வழியாக அந்த நிறமியை ரோஜாவுக்குள் கொண்டுவந்து 2004-இல் அறிவித்தது. 2009-இல் அந்த நாட்டில் பூவாக விற்பனைக்கு வந்தது. அத்தனை உழைப்புக்குப் பிறகும் அதன் நிறம் இளம் ஊதாவாகத்தான் நின்றது. ஆகவே பொட்டலத்தில் வரும் நீல ரோஜா விதை என்று எதுவும் கிடையாது. அதே போல 'நீலத் தாமரை விதை' என்று விற்றாலும் வாங்காதீர்கள். தாமரையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் உண்டு, நீலம் இல்லை. நீலத் தாமரை என்று வழங்குவது அல்லி இனத்தைச் சேர்ந்த நீலோற்பலத்தைத்தான்.

ஏமாந்த பணம் சிறு தொகை என்று நீங்கள் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. ரசீது, விளம்பரப் படம், பொட்டலத்தின் படம், முளைத்த செடியின் படம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

ஆகாயத்தாமரையை மட்டும் வேண்டவே வேண்டாம்

அதன் பூ அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. வெளிர்நீலத்தில் ஊதா கலந்து, மேல் இதழில் மயில்கண் போன்ற மஞ்சள் பொட்டுடன் அது பூத்திருப்பதைப் பாலத்தில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தென்னமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து வந்த அந்தச் செடி, சாதகமான நீரில் இரண்டு வாரங்களுக்குள் இரு மடங்காகிவிடும். அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தொட்டிக்குள்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஐப்பசி அடைமழையில் உங்கள் வாசலில் கணுக்கால் அளவு நீர் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொட்டி நிரம்பி வழிந்த அன்று ஒரே ஒரு செடி மிதந்து போனாலும் அது போய்ச் சேரும் இடம் உங்கள் ஊர் வடிகால். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேரக் காத்திருக்கும் ஊர் உங்களுடையது. வந்த நீரையும் வெள்ள நீரையும் வழியில் மறிக்கும் செடிக்கு நாம் வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் இதே பதில்தான். அதன் புனல் வடிவப் பூவின் இளம் ஊதாவைக் கண்டு மயங்கிக் கிளையை ஒடித்து நட்டுவிடாதீர்கள். அது கால்நடைகளுக்கு நஞ்சும்கூட.

முதலில் நீரைப் பாருங்கள்

எந்தச் செடி என்று சொல்வதற்கு முன் உங்கள் கிணற்று நீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சற்று உவர்ப்பு என்பது நாக்கு சொல்லும் அளவு. செடிக்குத் தேவை, நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் என்னும் அளவு. நீடாமங்கலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் மண்ணையும் நீரையும் பரிசோதிப்பதற்கு வழிகாட்டுவார்கள். நீரைக் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் பகுதியில் இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியாக இருக்கும். இலையின் ஓரம் தீய்ந்தது போலக் காய்ந்துகொண்டு வந்தால், அது வெயில் மட்டுமல்ல, உப்பும் என்று கொள்ளுங்கள்.

பரிசோதனை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கூரை நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழைக்கே ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் அதில் விழுகிறது. அதைப் பிடித்து வைத்தால் அல்லித் தொட்டிக்கும் இளஞ்செடிகளுக்கும் முதல் சில மாதங்கள் நல்ல நீர் கிடைத்துவிடும். வேர் இறங்கிய செடி ஓரளவு உவரைத் தாங்கும், இளங்கன்று தாங்காது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்; கிணற்றிலிருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும்.

மண்ணுக்கு வருவோம். உங்களுடையது கோடையில் வெடித்து, மழையில் குழையும் களிமண். அதில் குழி தோண்டிச் செடி வைத்தால் அந்தக் குழியே மழைக்காலத்தில் நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுங்கள். தோண்டிய மண்ணோடு மக்கிய எரு, கருக்கிய உமி, நன்றாக மக்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைக் கலந்தால் போதும். மூன்றும் உங்கள் பகுதியில் எளிதாகக் கிடைப்பவைதான். தென்னைநார்க் கழிவை மட்டும் ஓரிரு முறை நல்ல நீரில் அலசிவிட்டுச் சேருங்கள், ஏனெனில் அதிலும் உப்பு இருக்கும். களிமண்ணில் நான்கு கூடை மணலைக் கொட்டினால் இளகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சிறிதளவு மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகத்தான் செய்யும்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் பூத்திருப்பது எது

பூச்செடி வாங்கும்போது பலரும் நிறத்தைக் கேட்கிறார்கள், உயரத்தைக் கேட்கிறார்கள், எந்த நேரத்தில் பூ விரிந்திருக்கும் என்று கேட்பதில்லை. நீலப் பூக்களில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது, ஏனெனில் அவற்றில் பல, காலையில் விரிந்து நண்பகலுக்குப் பின் மூடிக்கொள்பவை. தரையோடு படர்ந்து சின்னஞ்சிறு நீலப்பூவாகப் பூக்கும் விஷ்ணுகிராந்தியும், நர்சரிகளில் தொங்குதொட்டியில் விற்கும் அதன் பிரேசில் நாட்டு உறவான எவால்வுலஸும், வேலியில் ஏறும் ஜாக்குமான்ஷியா கொடியும் இந்த வகை. நீங்கள் ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது அவை கண்ணை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பூக்கும் தோட்டம் உங்களுக்குப் போதாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளிர்நீலம் உச்சி வெயிலில் வெளுத்துத் தெரியும் நிறம். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் சிவப்பைக் காட்டிலும் நீலத்தைத் துலக்கமாக உணர்கிறது. அந்தி நேரத்தில் செம்பருத்தி இருண்டுபோக, அருகிலுள்ள வெளிர்நீலப்பூ ஒளி பெற்றது போலத் தெரிவது இதனால்தான். உங்கள் வீடு கிழக்குப் பார்த்திருப்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டின் நிழலே வாசலில் விழும். நீங்கள் திண்ணையில் வந்து உட்காரும் நேரமும், வெளிர்நீலம் தன் முழு அழகோடு இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்திருக்கிறது. இதை எண்ணித்தான் கீழ்க்கண்ட தேர்வுகளைச் சொல்கிறேன்.

முதல் இடம் பிளம்பாகோவுக்கு. நீலக் கொடிவேலி என்றும் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, நம் மருத்துவத்தில் பயன்படும் வெள்ளைக் கொடிவேலிக்கு நெருங்கிய உறவு. நீங்கள் கேட்கும் நிறத்துக்கு, அதாவது ஊதா கலக்காத வானநீலத்துக்கு, தரையில் வளரும் செடிகளில் இதைவிடப் பொருத்தமானதை நான் நம் பகுதியில் கண்டதில்லை. பூ அன்றைக்கே வாடிவிடாமல் கொத்தாக நிற்பதால் மாலையிலும் இருக்கும். முழு வெயிலை விரும்பும். வேரூன்றிய பின் வறட்சியையும் தாங்கும், ஆனால் வேரில் நீர் தேங்கினால் தாங்காது. மேட்டுப்பாத்தியை நான் வலியுறுத்துவது பெரிதும் இதற்காகத்தான். மூன்று நான்கு அடி இடைவெளியில் மூன்று செடி வைத்தால் இரண்டு ஆண்டில் அந்தப் பக்கம் முழுவதும் புதராக நிறைந்துவிடும். பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும் என்பதால் ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்டத் தயங்குபவர்களின் செடி குச்சி குச்சியாக நீண்டு பூக்காமல் நிற்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அதன் சாறு பட்டால் தோலில் அரிப்பு வரும். பூமொட்டுகளில் சிறு புழுக்களைக் கண்டால் உடனே மருந்து அடித்துவிடாதீர்கள். வரிவரியான சிறகு கொண்ட ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடுகிறது. அது தின்பது சில மொட்டுகள் மட்டுமே.

வேலியோரத்துக்கு நொச்சி. இதைச் சொன்னால் பலர் ஏமாற்றமடைகிறார்கள், ஆவி பிடிக்கிற இலையையா பூச்செடி என்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நொச்சியை நாம் வேலியாகக் கருதி ஆண்டு முழுவதும் சீவிக்கொண்டே இருப்பதால் அதன் பூவைப் பார்ப்பதே இல்லை. ஒரு பருவம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள். கிளை நுனி ஒவ்வொன்றிலும் வெளிறிய ஊதாநீலக் கதிர் நிற்கும், தேனீக்கள் நாள் முழுவதும் அதில் இருக்கும். நிறம் பிளம்பாகோ அளவு தூய நீலம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்க்கால் கரையில் வளர்ந்து பழகிய இந்தச் செடி உங்கள் களிமண்ணையும் மழைநீரையும் பொருட்படுத்தாது. குச்சி ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆடுகள் பெரிதாக நாடுவதில்லை. புயலில் கிளை முறிந்தாலும் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். மரத்தை இழந்த வீட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல.

கொடிக்கு வெளிர்நீலச் சங்குப்பூ. கருவிளை, காக்கணம் என்பவையும் இதே கொடியின் பெயர்கள்தான். எங்கும் காண்பது அடர்நீலம், வெள்ளையும் உண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிர்நீலமும் உண்டு, தேடித்தான் வாங்க வேண்டும். பூத்திருக்கும் கொடியை நேரில் பார்த்து, அதே கொடியின் நெற்றை வாங்கி வாருங்கள். கைபேசிப் படத்தை நம்பாதீர்கள். இளம் ஊதாவையும் நீலமாகக் காட்டுவது கைபேசிக் கேமராக்களின் வழக்கம். விதையை ஓரிரவு ஊறவைத்து நட்டால் விரைவில் முளைக்கும். அவரை இனம் என்பதால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். உரம் மிகுந்தால் இலைதான் பெருகும். ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் என்றாலும் நாள்தோறும் புதுப்பூ வருவதால், காலை எட்டு மணிக்கு முன் நீங்கள் பார்க்க அது போதும். இந்தப் பூவில் தேநீர் போடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. விதையையும் வேரையும் மட்டும் யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

டிசம்பர் பூவையும் பெட்ரியா கொடியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் பூவில் இளநிற வகை ஒன்று உண்டு. ஊதாச் சாயல்தான் என்றாலும் கார்த்திகை, மார்கழியில் மற்றவை ஓய்ந்திருக்கும்போது அது பூக்கும். பெட்ரியாவில் நடுவிலுள்ள அடர்நிறப் பூ விரைவில் உதிர்ந்தாலும், நட்சத்திரம் போன்ற புல்லிவட்டம் பல நாள் நின்று மெல்ல வெளிறும். அந்த வெளிறிய பருவம்தான் உங்கள் நிறம். ஆனால் பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், உறுதியான பந்தலும் வேண்டும். துன்பெர்ஜியா என்னும் பெரும்பூக் கொடியை நர்சரியில் காட்டுவார்கள். பூ மிக அழகு. ஆனால் பந்தலையே இழுத்துச் சாய்க்கும் அளவு கனக்கும், பக்கத்து வீட்டு வேலியையும் மூடிவிடும். புயல் பாதையில் இருக்கும் வீட்டில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீலப்பூ பூக்கும் துரந்தா என்னும் புதர்ச்செடியின் மஞ்சள் காய்கள் நஞ்சு. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் நீலக்குறிஞ்சியை வளர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அது 1,300 மீட்டருக்கு மேற்பட்ட மலைப் புல்வெளிகளுக்கு உரியது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. மூணாறு பக்கம் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதைப் பிடுங்குவது சட்டப்படியும் குற்றம். 2030-இல் நீங்கள் பணிநிறைவு பெற்றிருப்பீர்கள். நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

சனிக்கு உரிய நிறம் என்ற தயக்கம்

நான் தோட்டக்கலை படித்தவன்; சாத்திரம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் உங்கள் மாமியாரின் சொல்லைப் புறந்தள்ளிவிட்டுச் செடி வைக்குமாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருநள்ளாறுக்கு அருகில் வாழும் மக்கள் நீலப்பூவைச் சனி பகவானோடு சேர்த்து எண்ணுவது இயல்பே. மாமியாரிடம் நீங்கள் வாதிட வேண்டாம்; இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டலாம். சங்குப்பூவைச் சிவனுக்குச் சாத்துவதும் நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். திருவாரூர்க் கோயிலில் கமலாம்பாள் சன்னதியோடு அல்லியங்கோதை சன்னதியும் இருக்கிறது. நீலோற்பலாம்பாள் என்பது அந்த அம்மனின் பெயர். நீலப்பூவின் பெயரையே ஓர் அம்மன் தாங்கி நிற்கும் மாவட்டத்தில்தான் உங்கள் வீடு இருக்கிறது.

அந்தப் பூவைத்தான் நீங்கள் சிறு வயதில் குட்டையில் பார்த்திருக்கிறீர்கள். நீலோற்பலம், கருங்குவளை, நெய்தல் என்று பல பெயர்களில் நாம் வழங்கும் நீல அல்லி அது. நிம்ஃபேயா நௌசாலி என்பது தாவரவியல் பெயர். இலங்கையின் தேசிய மலரும் இதுவே. பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். அடுத்த நாள் மீண்டும் விரியும். மூன்று நான்கு நாள் இப்படி இருந்துவிட்டு நீருக்குள் தாழ்ந்துவிடும். விரிந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் பள்ளியில் இருப்பீர்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மாமியார் பகலெல்லாம் திண்ணையில் இருக்கிறார். அல்லித் தொட்டியை அவர்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே, ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும்படி வையுங்கள். எத்தனை மணிக்கு விரிந்தது, இன்று எத்தனை மொட்டு என்று அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொட்டி வைக்கும் முறை

வாய் இரண்டு முதல் இரண்டரை அடி அகலமும், ஆழம் ஒன்றரை அடியும் உள்ள சிமெண்ட் தொட்டி போதும். புதுத் தொட்டியில் சுண்ணாம்புத் தன்மை இருக்கும் என்பதால் இரண்டு வாரம் நீர் நிரப்பி, அவ்வப்போது மாற்றிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அடியில் அரையடிக்கு வயல் களிமண் அல்லது குளத்து வண்டல். மேட்டுப்பாத்திக்கு ஆகாத உங்கள் களிமண் இங்கே மிகவும் உகந்ததாகிவிடுகிறது. பச்சைச் சாணமோ மக்காத எருவோ சேர்த்தால் நீர் நாறிப் பாசி பிடிக்கும், சேர்க்க வேண்டாம். கிழங்கின் முளை மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, மேலே மெல்லிய அடுக்காக மணல் பரப்பி, முதலில் நான்கு விரற்கடை நீர் நிறுத்துங்கள். இலை மேலே வர வர நீரை உயர்த்துங்கள். அல்லி உவரைத் தாங்காது, ஆகவே மழைநீரோ ஆற்று நீரோதான் இதற்கு.

கிழங்கைக் கோயில் குளத்திலோ ஊராட்சிக் குளத்திலோ நீங்களாகத் தோண்டி எடுக்காதீர்கள். உரிமை இல்லாத இடம் என்பதோடு, நீல அல்லி உள்ள குளங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. வளர்ப்பவர்களிடம் கேட்டால் கிழங்கு பிரித்துத் தருவார்கள். நர்சரியில் வாங்கினால் நாட்டு நீல அல்லி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், ஏனெனில் நீல அல்லி என்ற பெயரில் அடர்நிற ஒட்டு வகைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. கொசுவுக்கு அஞ்சி நீர்த்தொட்டியே வேண்டாம் என்பார்கள்; தேங்கிய நீரில் டெங்கு கொசு பெருகும் என்பதால் அந்த அச்சம் நியாயமானது. நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். அவை வெளிநாட்டு மீன்கள். ஐப்பசி பிறந்ததும் தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே சிறு துளையிட்டுக் கொசுவலைத் துணி கட்டிவிட்டால், மழைநீர் வழியும், மீன் வாய்க்காலுக்குப் போகாது.

நடவுக்கு ஆடிதான் காலம். இப்போதே பாத்தி எடுத்து ஆறப்போட்டு, ஆடிப்பெருக்கை ஒட்டிப் பிளம்பாகோ மூன்றும் நொச்சிக் குச்சிகளும் நட்டு, சங்கு விதையையும் ஊன்றிவிடுங்கள். அடைமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். இந்த ஆண்டு இவ்வளவு போதும். டிசம்பர் பூவும் பெட்ரியாவும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அல்லிக்குக் கிழங்கு கிடைத்ததும் எந்த மாதமானாலும் வைக்கலாம், மழை ஓய்ந்து தை பிறந்த பின் வைத்தால் கோடையில் நன்றாகப் பூக்கும். நீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள். உவர் மிகுதியாக இருந்தால் பிளம்பாகோவுக்கு நீர் விடும் முறையை மாற்ற வேண்டியிருக்கும், அதைத் தனியாக எழுதுகிறேன்.